பந்தல் நிழலும் பற்று நோட்டும்

உதகையில் இந்து நகர் செல்லும் சாலையோரம் என் அத்தா ஒரு மளிகைக் கடை வைத்திருந்தார். ஷிப்டு முடிந்து பேருந்துகள் வரும் மாலை வேளையில் அம்மா எங்களைக் கடைக்கு விரட்டுவார். பொட்டலம் மடிக்க அத்தாவின் இரு கைகள் போதா. சம்பள நாளில் பற்று நோட்டில் தீர்ந்த கணக்குகளைக் கோடிட்டு அடிப்பது என் வேலை.

அந்தக் கூட்டத்தை அழைத்து வந்தது இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை. பெருந்தொழில்கள் எளிதில் மலையேறுவதில்லை. மத்திய அரசே முன்வந்து 1960-ல் அந்நிறுவனத்தைத் தொடங்கியது. 1967-ல் உற்பத்தி ஆரம்பமாயிற்று. 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் நாடெங்கும் சென்றன. பிலிமுக்கு வேண்டிய குளிர்ச்சியையும் தூசியற்ற காற்றையும் இறைவன் இம்மலைக்குக் கொடுத்திருந்தான். வெள்ளி முதலிய மூலப்பொருள்களோ வெளியிலிருந்து வர வேண்டியவை.

அயல்நாட்டுப் பிலிம் தாராளமாக நுழையாதபடி இறக்குமதிக் கட்டுப்பாடும் சுங்கவரியும் காவல் நின்றன. 1991-க்குப் பின் அக்காவல் தளர்ந்தது. 1996-ல் ஆலை நலிவடைந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. பிறகு டிஜிட்டல் கேமரா வந்து பிலிமின் தேவையையே குறைத்துவிட்டது. 2014-ல் எஞ்சியிருந்த தொழிலாளர்களுக்கான விருப்ப ஓய்வுத் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

அதற்கு வெகு காலம் முன்பே குடும்பங்கள் ஒவ்வொன்றாக மலையிறங்கத் தொடங்கியிருந்தன. என் அண்ணனும் திருப்பூருக்குப் பிழைக்கப் போனார். "அரசு கைவிட்டுவிட்டது" என்று கடைவாசலில் பலரும் குறைபட்டபோது, அத்தா எங்கள் வீட்டுத் தேயிலை நாற்றங்காலைக் காட்டினார். "இளங்கன்றுக்குப் பந்தல் வேண்டும். ஆனால் நிழலைச் சிறிது சிறிதாகக் குறைத்து வெயிலுக்குப் பழக்க வேண்டும். நெடுநாள் நிழலில் வைத்திருந்து ஒரே நாளில் பிரித்தால் எந்தக் கன்று தாங்கும்?" என்றார்.

பின்தங்கிய பகுதிகளுக்கான சலுகைகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அச்சொல் நினைவுக்கு வரும். 1971-ல் மத்திய அரசு, தேர்ந்தெடுத்த பின்தங்கிய பகுதிகளில் தொழில் தொடங்குவோருக்கு முதலீட்டில் 10 விழுக்காடு மானியம் அறிவித்தது. பின்னர் அதனை உயர்த்தி, 1988-ல் நிறுத்தியது. மானியம் ஆலையைக் கொண்டுவரும். வேரூன்ற வைக்க அது மட்டும் போதுமா? உலகமே பிலிமைக் கைவிட்டபோது எந்தச் சலுகையும் அதனைக் காத்திருக்காது என்பதும் உண்மையே. ஆயினும், பந்தல் இருந்த காலத்திலேயே அத்தொழிலாளர்களுக்கு வேறு தொழில் பழக்கியிருக்கலாமே!

இதே மலையில் சிறு தேயிலை விவசாயிகளின் கூட்டுறவு ஆலைகளும் அரசின் துணையோடு எழுந்தவையே. அவற்றை இணைக்கும் இன்ட்கோசர்வ் 1965-ல் அமைந்தது. தொண்ணூறுகளின் இறுதியில் பசுந்தேயிலை விலை வீழ்ந்து விவசாயிகள் கண்ணீர் வடித்தனர். எனினும் கூட்டுறவு இன்றும் இயங்குகிறது. அதற்கு வேண்டிய இலை இம்மண்ணிலேயே விளைகிறது.

கடையை மூடிய அன்று அத்தா பற்று நோட்டை எடுத்தார். தீராத கணக்குகள் பல பக்கங்கள். "இவர்கள் ஏமாற்றியவர்கள் அல்லர், வேலை இழந்தவர்கள்" என்று சொல்லி, ஒவ்வொன்றாகத் தாமே கோடிட்டு அடித்தார்.

சலுகை வழங்குவோர் ஆலையின் வரவு செலவைப் பார்க்கட்டும். அதன் வாசலில் இருக்கும் சிறு கடையின் பற்று நோட்டையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும்.