எந்தச் சேனல்ல இருக்கீங்க?

பச்சைமலை முடிந்து சமவெளி தொடங்குகிற கிழக்கு ஓரத்தில் இருக்கிறது பூலாம்பாடி. பெரம்பலூர் மாவட்டம், வேப்பந்தட்டை வட்டம். தை, மாசியில் மக்காச்சோளக் கதிரை ஒடித்து, தட்டையையும் மாட்டுக்கு அறுத்துவிட்டால் ஊரைச் சுற்றியிருக்கும் காடுகள் வெறுமையாகக் கிடக்கும். வெயில் ஏற ஏற அந்த வெறும் மண் சூடாகி, அதை ஒட்டிய காற்று கிளம்பி மேலே போகத் தொடங்கும். அதை முதலில் கண்டுபிடிப்பது பருந்துதான். இறக்கையை ஒருமுறைகூட அசைக்காமல் வட்டமடித்து ஏறிக்கொண்டே போகும். ரிமோட்டில் பறக்கும் எங்கள் கிளைடர்களும் அதே காற்றை நம்பித்தான் ஏறுகின்றன. அவற்றில் மோட்டார் கிடையாது. இறக்கை நுனியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி வீசிவிட வேண்டியதுதான். மற்றதையெல்லாம் காற்று பார்த்துக்கொள்ளும்.

மலை இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது சரிவில் மோதி ஏறும் காற்றில் பறக்கவிடலாமே என்று வெளியூர் நண்பர்கள் கேட்பதுண்டு. ஆனி, ஆடியில் காற்று மேற்கிலிருந்து வருகிறது. நாங்கள் இருப்பதோ மலைக்கு இந்தப் பக்கம். மலையைத் தாண்டி இறங்கும் காற்று கிளைடரைக் கீழே அமுக்கும், சுழற்றும். கிழக்குச் சரிவுக்கு ஏற்ற வாடைக்காற்று கார்த்திகை, மார்கழியில்தான் வரும். அப்போது மழையும் பனிமூட்டமும் கூடவே வந்துவிடும். அதனால் எங்களுக்குக் கைகொடுப்பது மாசி, பங்குனி வெக்கைதான்.

அந்த வெக்கையில் ஒரு தொல்லை உண்டு. மேலேறும் காற்று ஒரே இடத்தில் நிற்பதில்லை, வீசும் திசையில் நகர்ந்துகொண்டே போகும். அதில் சுற்றும் கிளைடரும் கூடவே தள்ளிப் போகும். ஒன்றரை மீட்டர் இறக்கை பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்லிய கோடாகச் சிறுத்துவிடும். அந்தத் தூரத்தில் அதற்கும் என் கைக்கும் நடுவே இருப்பது வானொலி அலை மட்டும்தான். கையிலிருக்கும் டிரான்ஸ்மிட்டரின் சக்தி பெரும்பாலும் 100 மில்லிவாட். ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு!

பக்கத்து ஊரான அரும்பாவூரில் பரம்பரையாக மரச்சிற்பம் செதுக்குகிறார்கள். 2020இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மரத்தின் ரேகையைப் பார்த்தே எங்கே பிளக்கும், எங்கே தாங்கும் என்று சொல்லிவிடுகிற கண் அந்த ஊர்க்காரர்களுக்கு. பால்சா மரத்தை இழைத்து இறக்கை செய்ய நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு யாரும் அதிகம் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் அலை கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் அகப்படாது. இறக்கை முறிந்தால் முறிந்த இடம் தெரியும். அலை அறுந்தால் எங்கே அறுந்தது என்று யோசித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அந்த யோசனைதான்.

நான் பழகிய காலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த செட்டுகள் 72 மெகாஹெர்ட்ஸில் இயங்கின, ஐரோப்பாவிலிருந்து வந்தவை 35இல். பொம்மைக் கார்களும் படகுகளும் 27இல் ஓடின. 72.01 முதல் 72.99 வரை, இருபது கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில், 11 தொடங்கி 60 முடிய ஐம்பது சேனல்கள். எந்தச் சேனல் என்பதைத் தீர்மானிப்பது ஒரு கிரிஸ்டல். விரல் நகம் அளவுக்குத் தகரக் கூடு, கீழே இரண்டு கம்பிக்கால், மேலே பிடித்து இழுக்க ஒரு பிளாஸ்டிக் வால், அதில் சேனல் எண். டிரான்ஸ்மிட்டருக்கு ஒன்று, ரிசீவருக்கு அதற்கு ஜோடி. ரிசீவரிலிருந்து ஒரு மீட்டர் நீளத்துக்கு ஆன்டெனாக் கம்பி வால்வரைக்கும் ஓடும். அது நீளம் என்று வெட்டிவிட்டால் அன்றோடு கிளைடரும் போயிற்று.

ஒரே சேனலில் இருவர் இருக்க முடியாது. ஒருவர் 20இல் பறக்கவிட்டுக்கொண்டிருக்கும்போது, ஓரமாக உட்கார்ந்திருக்கும் இன்னொருவர் வால் மடிப்பை ஆட்டும் சர்வோ அசைகிறதா என்று பார்க்க அதே 20இல் சுவிட்சைப் போட்டால் போதும். எஃப்.எம். ரிசீவர் வலுவான அலையைப் பிடித்துக்கொண்டு மெலிந்ததைக் கைவிட்டுவிடும். இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருந்தால் சர்வோக்கள் வெட்டி வெட்டி இழுக்கும். இதற்காக உலகம் முழுவதும் மாடல் விமானக்காரர்கள் கண்டுபிடித்துக்கொண்ட ஏற்பாடு ஒரு பலகையும் துணி மாட்டும் கிளிப்புகளும். கிளிப்பில் சேனல் எண் எழுதியிருக்கும். உன் எண்ணுள்ள கிளிப் உன் ஆன்டெனாவில் மாட்டியிருந்தால் மட்டுமே சுவிட்சைத் தொடலாம். பலகை இல்லாத இடத்தில் வாய்தான் பலகை. மைதானத்துக்குள் வருகிறவர் வணக்கம் சொல்வதற்கு முன்பே கேட்பார்: “எந்தச் சேனல்ல இருக்கீங்க?”

சேனல் வேறு வேறாக இருந்தாலும் நிம்மதி கிடையாது. பழைய ரிசீவர்கள் உள்ளே வரும் அலையை 455 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கித்தான் கையாளும். இருபத்துமூன்று சேனல் தள்ளி இருக்கும் இரண்டு டிரான்ஸ்மிட்டர்களுக்கு, உதாரணமாக 15க்கும் 38க்கும், இடையிலுள்ள வித்தியாசம் 460. இரண்டும் ஒரு ரிசீவருக்குள் கலந்தால் பிறக்கும் அலை அந்த 455க்குப் பக்கத்திலேயே வந்து விழும். மூன்றாமவர் வேறேதோ சேனலில் பறக்கவிட்டுக்கொண்டிருப்பார், அவருடைய கிளைடர் குலுங்கும். அலையை இரண்டு கட்டமாக இறக்கும் ரிசீவர்கள் வந்தபிறகு இது பெருமளவு அடங்கியது.

இன்னொரு எதிரி மின்கம்பம். பீங்கான் இன்சுலேட்டரில் கீறல் விழுந்திருந்தாலோ, தூசி படிந்து பனியில் நனைந்திருந்தாலோ மின்சாரம் சிறுகச் சிறுகப் பொறிந்துகொண்டிருக்கும். அந்தப் பொறி நூற்றுக்கணக்கான அலைவரிசைகளில் இரைச்சலைக் கொட்டும். அதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம், ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ போதும். திருச்சி வானொலியின் மத்திய அலை 936 கிலோஹெர்ட்ஸை வைத்துக்கொண்டு காட்டைச் சுற்றி நடப்போம். எந்தக் கம்பத்தை நெருங்கும்போது பாட்டை அமுக்கிக்கொண்டு கரகரப்பு எழுகிறதோ அந்தப் பக்கம் கிளைடரை விடமாட்டோம். இந்த வேலையை இன்றைக்கும் செய்து பார்க்கலாம்.

பிறகு 2.4 கிகாஹெர்ட்ஸ் வந்தது. இந்தியாவில் 2005இல் 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டைக்கு உரிமம் தேவையில்லை என்று அறிவித்தார்கள். ஏறத்தாழ அதே சமயத்தில் ஸ்பெக்ட்ரம் நிறுவனத்தின் செட்டுகள் சந்தைக்கு வந்தன, தொடர்ந்து ஃபுடாபா போன்றவர்களும் மாறினார்கள். கிரிஸ்டல் போயிற்று, கிளிப் போயிற்று. டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் ஒருமுறை அறிமுகமாகிவிட்டால் மற்ற யார் பேச்சுக்கும் ரிசீவர் செவி கொடுப்பதில்லை. பல செட்டுகள் ஓர் அலைவரிசையில் நிற்காமல் நொடிக்குள் பலமுறை தாவிக்கொண்டே இருக்கின்றன. தாவும் யோசனை பழையது. நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்டைலும் டார்பிடோவை எதிரி குழப்பாமல் இருக்க, பியானோவின் 88 கட்டைகளைப்போல 88 அலைவரிசைகளுக்கிடையே தாவும் முறைக்கு 1942இல் காப்புரிமை பெற்றார்கள்.

2.4 பெரிய வரம்தான், மறுக்கவில்லை. பத்துப்பேர் ஒரே நேரத்தில் பறக்கவிட முடிகிறது. ஆனால் இந்த வரத்தோடு கேட்கும் பழக்கமும் போய்விட்டது. இப்போது வருகிறவர் நேராகப் பெட்டியைத் திறக்கிறார், சுவிட்சைப் போடுகிறார், வீசுகிறார். வானம் காலியாக இருக்கிறது என்ற எண்ணம்! பூலாம்பாடி வானம் இன்று எந்தக் காலத்திலும் இல்லாத அளவுக்கு நெரிசலாக இருக்கிறது. வீட்டுக்கு வீடு வைஃபை, காதுக்குக் காது புளூடூத், எல்லாம் அதே 2.4இல்தான். அதைவிட முக்கியமானது அதற்குக் கீழே இருக்கிறது. 4ஜி செல்பேசிக்கு நம் நாட்டில் பயன்படும் பட்டைகளில் ஒன்று 2300 முதல் 2400 வரை. எங்கள் பட்டை தொடங்கும் அதே வரப்பில் முடிகிறது அது. நாங்கள் பேசுவது 100 மில்லிவாட்டில். டவர் பேசுவது பல வாட்டில். விலை மலிவான ரிசீவர்களில் வடிகட்டி சரியாக இருக்காது. கிளைடர் தொலைவில் போய், டவரின் ஆன்டெனா உயரத்தில் அதன் முன்னால் சுற்றும்போது அந்த ரிசீவருக்கு அடுத்த வீட்டுக் கூச்சலில் நம் குரல் கேட்காமல் போகலாம். ஆகவே டவர் இருக்கும் திசையைக் காற்று பார்ப்பதுபோல் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. டவரை நமக்கும் கிளைடருக்கும் நடுவில் வரவிடக் கூடாது.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விழுந்த கிளைடர் எல்லாவற்றுக்கும் அலைமேல் பழி போடுவது தவறு. சென்ற பருவத்தில் ஒரு கல்லூரிப் பையனின் கிளைடர் திரும்பும்போது அப்படியே நிமிராமல் போய் வரப்பில் குத்தியது. “சிக்னல் அடிச்சிருச்சுண்ணே, டவராலதான்” என்றான். மூக்குப் பகுதியைப் பிரித்துப் பார்த்தோம். ரிசீவரின் ஆன்டெனாவில் வேலை செய்யும் பகுதி நுனியில் உள்ள 31 மில்லிமீட்டர் மட்டும்தான், 12.5 சென்டிமீட்டர் அலைநீளத்தில் கால்பங்கு. அந்த ரிசீவரில் இரண்டு ஆன்டெனா. இரண்டின் நுனிகளையும் அவன் கார்பன் குழாயோடு சேர்த்து டேப் ஒட்டியிருந்தான். கார்பன் நார் மின்சாரம் கடத்தும், அலையைத் தடுத்துவிடும். கிளைடர் ஒரு பக்கம் திரும்பியிருக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்த ரிசீவர், குழாய் நடுவில் வந்ததும் செவிடாகிவிட்டது. இரண்டு நுனிகளையும் வெளியே எடுத்து, ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்து ஒட்டினோம். அதே டவர், அதே காடு. அந்தப் பருவம் முடியும்வரை அந்தக் கிளைடரில் அலை அறுந்ததில்லை.

டிரான்ஸ்மிட்டர் ஆன்டெனாவின் நுனியைக் கிளைடரை நோக்கி நீட்டுவதும் அப்படிப்பட்ட ஒரு தவறுதான். துப்பாக்கியைக் குறிபார்ப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். நுனி காட்டும் திசையில்தான் அலை மிகவும் மெலிவு. பக்கவாட்டைக் காட்ட வேண்டும். நம் உடம்பும் ஈர இலைகளும்கூட 2.4ஐக் குடித்துவிடும். அதனால் கிளைடர் பின்னால் போனால் தலையை மட்டும் திருப்பாமல் முழு உடம்போடு திரும்ப வேண்டும். மழைக்குப் பிந்திய நாட்களில் மரக்கூட்டத்துக்குப் பின்னால் தாழப் பறக்கவிடக் கூடாது. இத்தனைக்கும் மேலாக பேட்டரி. மின்னழுத்தம் இறங்கி ரிசீவர் ஒரு கணம் அணைந்து எழுவதும் அலைத் தடங்கல் மாதிரியேதான் தெரியும்.

அலை அறுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை ரிசீவருக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கும் வசதி இப்போதைய பெரும்பாலான செட்டுகளில் இருக்கிறது. மோட்டார் விமானத்தில் மோட்டாரை நிறுத்தச் சொன்னால் பெரும்பாலும் போதும். கிளைடருக்கு அது போதாது. கடைசியாக இருந்த நிலையிலேயே நில் என்று விட்டுவிட்டால், நல்ல காற்றில் அது தானே ஏறி எங்கோ போய்விடும். யார் தலையில், எந்தச் சாலையில் இறங்கும் என்று தெரியாது. மெதுவாக ஒருபக்கம் திரும்பி, காற்றுத்தடையை எழுப்பி, வட்டமடித்தபடி அருகிலேயே இறங்கும்படி அமைத்து வைப்பதுதான் சரி. அமைத்தால் மட்டும் போதாது. தரையில் கிளைடரைப் பிடித்துக்கொண்டு டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பார்க்க வேண்டும். அதேபோல ஒவ்வொரு நாளும் முதல் வீச்சுக்கு முன் சக்தியைக் குறைத்து முப்பது தப்படி தள்ளி நின்று ஒரு சோதனை. ஐந்து நிமிடம்கூட ஆகாது.

காட்டோரம் வேடிக்கை பார்க்க வரும் சிறுவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “இதுதான் அஜித் ஓட்டுறதாண்ணே?” என்பது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் தக்‌ஷா ட்ரோன் குழுவுக்கு நடிகர் அஜித் ஆலோசகராக இருந்ததும், மாடல் விமானங்களில் அவருக்குள்ள ஈடுபாடும் கிராமம் வரை வந்து சேர்ந்திருக்கிறது. மகிழ்ச்சிதான். அந்தப் பிள்ளைகள் கேட்கும் அடுத்த கேள்வி அலையைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. பள்ளிப் பாடத்தில் அலைநீளம், அதிர்வெண் என்று மனப்பாடம் செய்தது இங்கே 31 மில்லிமீட்டர் கம்பியாகக் கையில் இருக்கிறது. அறிவியல் ஆசிரியர்கள் ஒரு நாள் பிள்ளைகளை இந்தக் காட்டுக்கு அழைத்து வரலாம்.

கடைசியாக, எனக்கு உண்மையான கவலை தரும் விஷயம். தொலைதூரம் போகும் என்று இப்போது ஒரு கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே வேலை செய்யும் செட்டுகள் பிரபலமாகியிருக்கின்றன. அமெரிக்காவில் அவை 915 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய 902 முதல் 928 வரையிலான பட்டையில் இயங்குகின்றன. அங்கே அது உரிமம் தேவையில்லாத பட்டை. நம் நாட்டில் 2005இல் அப்படித் திறந்துவிடப்பட்டது 865 முதல் 867 வரை. 915க்குக் கீழே இருக்கும் பகுதியில் இங்கே கைபேசிகள் டவரோடு பேசிக்கொண்டிருக்கின்றன. அந்தச் செட்டை இங்கே போட்டால் கிளைடர் நன்றாகவே பறக்கும், நமக்கு எதுவும் தெரியாது. தடுமாறப்போவது யாரோ ஒருவர் ஆம்புலன்ஸுக்குப் போடும் அழைப்பாக இருக்கலாம். இதுவரை நமக்கு வந்த குறுக்கீட்டைப் பற்றிப் பேசினோம், இது நாம் செய்யும் குறுக்கீடு.

இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருக்கிறார்கள். ஊருக்கு வரும்போது தம்பிக்கு, மருமகனுக்கு என்று ரிமோட் செட் வாங்கி வருகிறார்கள். வாங்கும் முன்பே பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். 2.4 என்றிருந்தால் தாராளமாகக் கொண்டு வாருங்கள். 865–867க்கு மாற்றி வைக்க முடியும் செட் என்றால் இங்கே வந்ததும் மாற்றிவிட்டுத்தான் சுவிட்சைப் போட வேண்டும். 915 மட்டும்தான் என்றால் தமிழ்நாட்டில் அதை எங்கேயும் போடாதீர்கள்.