முன்பாயைச் சுருட்டுதல்

கோவாவில் ஆய்வு மாணவனாக இருக்கும் எனக்கும் என் அறைத்தோழனுக்கும் பொதுவாக ஒரு பழைய பாய்மரப் படகு உண்டு. 19 அடி நீளம். சென்ற மார்ச்சில் ஒரு பிற்பகல், சுவாரி ஆற்றின் முகத்துவாரத்தில் வடமேற்குக் கடற்காற்று எதிர்பாராமல் வலுத்தது. முன்பாயை இறக்க அணியத்திற்கு, அதாவது படகின் மூக்கிற்கு, அவன் தவழ்ந்து சென்றான். படபடத்த பாயின் மூலை முகத்தில் அறைய, இடறி நீரில் விழுந்தான். உயிர்காப்பு அங்கி அணிந்திருந்தான், மீட்டுவிட்டேன். ஆனால் தனியே படகைத் திருப்பி அவனை அடைவதற்குள் கழிந்த அந்தச் சில நிமிடங்கள் இன்னும் கனவில் வருகின்றன.

இருந்த இடத்திலிருந்தே முன்பாயைச் சுருட்டும் கருவி வேண்டும் என்பதில் எங்களுக்குள் வேறுபாடு இல்லை. எந்தக் கருவி என்பதில்தான் இரண்டு மாதம் சண்டை.

அவன் விரும்பியது இன்று பரவலாக உள்ள வகை. பாய்மரத்தை முன்புறம் இழுத்துப் பிடிக்கும் எஃகுக் கம்பியின் மேல் அலுமினியக் குழலை மாட்டி, அதன் பள்ளத்தில் பாயின் முன்விளிம்பைச் செருகுவார்கள். அடியிலுள்ள உருளையின் கயிற்றை இழுத்தால் குழலோடு பாயும் சுருளும். பாதி சுருட்டியும் ஓட்டலாம் என்பார்கள். பாதி சுருண்ட பாய் தொப்பை போடும். காற்றை எதிர்த்து ஏறவேண்டிய வேளையில் படகு பக்கவாட்டில் நழுவும். மேலும், கம்பி குழலுக்குள் மறைந்துவிடும். உப்புக்காற்றில் அதன் இழை அறுந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

நான் கேட்டது விக்கம்-மார்ட்டின் என்பவரின் பெயரால் வழங்கும், நூறாண்டு கடந்த எளிய அமைப்பு. கீழே ஓர் உருளை, மேலே ஒரு சுழலி, அவ்வளவே. முன்விளிம்பில் தைத்த கம்பியே அச்சாகச் சுழலும். பாய்மரத்தைத் தாங்கும் கம்பி தனியே வெளியில் நிற்கும். பாய் முழுதும் விரியும், அல்லது முழுதும் சுருளும், இடைநிலை இல்லை. விலையும் உதவித்தொகைக்குள் அடங்கியது. என் வாதத்தில் அதற்கு எவ்வளவு பங்கு என்று அவன் கேட்டபோது நான் பதில் சொல்லவில்லை.

மழைக்காலம் முடிந்து அக்டோபரில் பொருத்தினோம். காற்றில்லாத காலையில் கரையோரம் அழகாகச் சுருண்டது. மறுநாள் கடற்காற்றில் பாய் இறுகிச் சுருண்டதால் கூடுதல் சுற்றுகள் தேவைப்பட்டன. உருளையிலிருந்த கயிறு தீர்ந்தது. மூன்றிலொரு பங்கு பாய் வெளியே படபடத்துக்கொண்டிருந்தது.

இம்முறை அணியத்திற்குத் தவழ்ந்தவன் நான். இடுப்பில் கயிறு கட்டியிருந்தேன். சுக்கானைப் பிடித்திருந்தவன் கரை சேரும்வரை ஒரு சொல்லும் பேசவில்லை. அன்று மாலையே உருளையில் மேலும் எட்டுச் சுற்று ஏற்றினோம்.