திறப்புக் கோவை

ஆசிரியத் தொழிலேற்ற தொடக்கத்தில் ஒருநாள், வெண்கட்டி எடுத்துவர மாணவனொருவனிடம் திறப்புக் கோவை முழுவதையும் கொடுத்தனுப்பினேன். வினாத்தாள் அலுமாரியின் திறப்பும் அதிலேயே இருந்தது. மறுநாள் வினாத்தாள் வெளிப்பட்டது. பழி அவன்மேல் வீழ்ந்தது. தான் குற்றமற்றவனென நிறுவ அவனால் இயலவில்லை.

அண்மையில், கணினி கற்பிக்கும் நண்பரொருவர், 1975ஆம் ஆண்டில் சால்ற்சர், ஷ்ரோடர் என்னும் அறிஞரிருவர் தொகுத்துரைத்த எட்டு நெறிகளை எனக்கு விளக்கினார். காப்புடைய இயங்குதளங்களை அமைப்போர் இன்றும் போற்றுவன அவை. எந்நிரலுக்கும் அதன் பணிக்கு வேண்டிய அளவுக்கு மேல் உரிமை வழங்கலாகாது என்பது ஒன்று. வெளிப்படையாக அனுமதிக்கப்படாத யாவும் மறுக்கப்பட்டனவே என்பது மற்றொன்று.

இவை ஐயத்திற் பிறந்த நெறிகளென்றே முதலில் எண்ணினேன். அவ்வெண்ணம் தவறு. அன்று ஒரு திறப்பை மட்டும் கொடுத்திருப்பின், அம்மாணவன் பழிக்கு ஆளாகியிரான். அளவான உரிமை பொருளை மட்டுமன்று, அதனைப் பெறுவோனையும் காக்கும்.