சனிக்கிழமைப் பொட்டலம்

சாத்தூரில் பேருந்து நின்றதும் இரண்டு விதமான கூடைகள் சன்னலோரம் வந்து நிற்கும். ஒன்றில் காராச்சேவு, மற்றொன்றில் வெள்ளரிப்பிஞ்சு. ஊரின் பெயரைச் சொன்னால் தெற்கத்திக்காரர்கள் இவ்விரண்டையும் சேர்த்தே சொல்லுவார்கள். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நாங்கள் மூவரும் வெள்ளரிக்கூடையை ஏறிட்டுப் பார்த்ததாக நினைவில்லை. சேவின் மணம் வெள்ளரிக்கு இல்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் அப்பா.

அப்பா ஒரு பேனா நிப்புப் பட்டறையில் வேலை பார்த்தார். மைப்பேனாக்கள் கோலோச்சிய காலத்தில் சாத்தூர் நிப்புக்கு ஒரு மரியாதை இருந்தது. பந்துமுனைப் பேனா வந்து அந்தத் தொழிலைத் தேய்த்தது. ஆனாலும் எங்கள் பால்யம் முடியும்வரை பட்டறை ஓடியது. சனிக்கிழமை கூலி நாள். அன்று அந்தியில் அப்பா வரும்போது கையில் ஒரு பொட்டலம் இருக்கும். வாழைநாரால் சுற்றிக் கட்டிய செய்தித்தாள் பொட்டலம். அடியில் எண்ணெய் ஊறி, எழுத்துகள் மறுபக்கம் தெரியும். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும் ஓசை கேட்டதும் எங்கள் நாவில் நீர் ஊறிவிடும். சேவு தீர்ந்தபின் அந்தக் காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு, அதில் அகப்பட்ட தொடர்கதையின் பாதி அத்தியாயத்தை வாசிப்போம். முன்பாதி எந்தப் பொட்டலத்தில் போயிற்றோ, பின்பாதி எந்த வீட்டுக்குச் சென்றதோ! எங்கள் வாசிப்பு தொடங்கியது அந்த எண்ணெய்க் காகிதத்தில்தான் என்று சொல்வதில் எங்களுக்கு வெட்கமில்லை. (செய்தித்தாளில் உணவைப் பொதியக் கூடாது, அச்சுமை உடம்புக்குக் கேடு என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் அறிவுறுத்தியதைப் படித்தபோது, எங்கள் முதல் நூலகத்தை யாரோ பூட்டிவிட்டதைப் போல் இருந்தது.)

நிற்க. இது பண்டங்களின் பெருமை பேசும் கட்டுரை அன்று.

அப்பாவுக்கு 1996-இல் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. மாத்திரை சாப்பிட்டார், சேவும் சாப்பிட்டார். அம்மா ஒளித்து வைப்பாள், அவர் கண்டுபிடிப்பார். சர்க்கரை மிகுந்து பல்லாண்டுகள் ஓடினால் பாதத்தின் நரம்புகள் மரத்துப்போகும். கால்விரல்களுக்குப் போகும் இரத்த ஓட்டமும் குன்றும். செருப்பு கடித்த புண்ணை அவர் பத்து நாள் அறியவேயில்லை. 2009-இல் ஒரு விரல் போயிற்று. பிறகு முழங்காலுக்குக் கீழே முழுவதும் போயிற்று. 2011-இல் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த கடைசி வாரத்தில் அவர் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஒரு வாய் சேவு மட்டும் வாங்கியா, தாயி."

நாங்கள் வாங்கித் தரவில்லை.

அது சரியா, பிழையா என்று இன்றுவரை எங்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. மூத்தவள் சரி என்கிறாள். இளையவள் அந்தப் பேச்சு எழுந்தாலே அறையை விட்டு வெளியேறிவிடுவாள். நடுவில் பிறந்தவன் இரண்டு பக்கமும் தலையாட்டுவான். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். அவருக்கு மறுத்ததை அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் நாங்கள் மூவரும் தின்று தீர்த்தோம். சாத்தூர்ச் சேவு மட்டுமா? சென்னையிலும் கோவையிலும் மதுரையிலுமாகப் பிரிந்து வாழ்ந்த எங்களுக்கு அந்தந்த ஊரின் பண்டங்கள் வாய்த்தன. பேக்கரி பப்ஸ், தேங்காய் பன், விருதுநகர் பாணி எண்ணெய்ப் பரோட்டா, பிள்ளைகளுக்கென்று வாங்கி நாங்கள் முடித்த உருளைக்கிழங்கு வறுவல், கைபேசியில் விரல் வைத்தால் நள்ளிரவிலும் வாசலுக்கு வந்து நிற்கும் பிரியாணி. அப்பாவுக்கு வாரத்தில் ஒரு சனிக்கிழமைதான் இருந்தது. எங்களுக்கு ஏழு நாளும் சனிக்கிழமை.

2023-ஆம் ஆண்டு மூவரும் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டோம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி என்னும் அளவு மூத்தவளுக்கு 6.9, நடுவில் பிறந்தவனுக்கு 6.2, இளையவளுக்கு 5.9. இது 6.5-ஐத் தொட்டால் நீரிழிவு, 5.7 முதல் 6.4 வரை அதன் வாசற்படி. ஆக ஒருவர் வீட்டுக்குள், இருவர் திண்ணையில். அதே ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த பெரும் ஆய்வு வெளியாகி, நாட்டில் பத்துக் கோடிப் பேருக்கு நீரிழிவும் பதின்மூன்று கோடிக்கும் மேலானோர்க்கு அதன் முன்நிலையும் இருப்பதாகக் கணித்திருந்தது. அத்தனை கோடியில் நாங்களும் மூவர் என்பது ஆறுதல் அளிக்கவில்லை. எங்கள் கண்ணில் பட்டது ஒரு கால்தான்.

முதல் முயற்சி சபதம். "இனி எண்ணெய்ப் பண்டம் தொடோம், இனிப்புத் தொடோம்" என்று மூவரும் தொலைபேசியில் உறுதி எடுத்தோம். பத்தொன்பது நாள் நின்றது. இருபதாம் நாள் உறவினர் வீட்டுத் திருமணம். பந்தியில் ஒரு பாதுஷா. ஒன்றுதான் தின்றோம், ஆனால் சபதம் உடைந்தது என்ற எண்ணம் வந்ததும், இனிக் காப்பதற்கு என்ன இருக்கிறது என்று அந்த வாரம் முழுவதும் தின்றோம். பிறகு ஒளித்தல் தொடங்கியது. மூத்தவள் அலுவலகக் கைப்பையின் உள்ளறையில் நொறுக்குத்தீனியின் காலி உறைகளை மடித்து வைத்திருந்ததை அவள் மகள் எடுத்துக் கொடுத்தாளாம். அப்பாவின் தலையணைக்கடியில் அம்மா கண்டெடுத்ததும் அப்படி மடித்த காகிதங்களைத்தான். அன்றிரவு அவள் எங்களிருவரையும் அழைத்து அழுதாள். நாங்களும் எங்கள் ஒளிவிடங்களைச் சொன்னோம். உண்மையில் எங்கள் மாற்றம் சபதத்தில் தொடங்கவில்லை; இந்த வாக்குமூலத்தில்தான் தொடங்கியது.

அதன்பின் படிக்க ஆரம்பித்தோம். படித்தவற்றுள் எங்களைத் தேற்றியது, அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் செய்து 2019-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு. இருபது பேரை நான்கு வாரம் உள்ளேயே தங்கவைத்தார்கள். இரண்டு வாரம் ஆலையில் மிகையாகப் பதனிடப்பட்ட உணவு; இரண்டு வாரம் அவ்வாறு பதனிடப்படாத உணவு. பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவு. வேண்டிய மட்டும் உண்ணலாம். பதனிட்ட உணவின்போது அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டார்கள். இரண்டு வாரத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ எடை ஏறியது. மற்றதில் அதே அளவு இறங்கியது. அதாவது அளவு மீறுவது எங்கள் குணக்கேடு மட்டுமன்று. அளவு மீறச் செய்யும் ஏதோ ஒன்று அந்தப் பண்டத்திலேயே இருக்கிறது. குற்றவுணர்வு சற்றே தளர்ந்தது. தளர்ந்தபோதுதான் யோசிக்க முடிந்தது.

இரண்டாவது, நரம்பியல் அறிஞர் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் கண்டறிந்த உண்மை. முதலில் பழச்சாறு நாவில் பட்டபோது அவற்றின் மூளையில் டோபமின் நரம்பணுக்கள் துடித்தன. சாறு வருமுன் ஓர் அடையாளம் காட்டப் பழக்கியபிறகு, துடிப்பு அந்த அடையாளத்துக்கே இடம் மாறிவிட்டது. இதைப் படித்ததும் மூவருக்கும் ஒரே நினைவு வந்தது: வாசலில் செருப்புக் கழற்றும் ஓசை. எங்களுக்கு ஊறிய எச்சில் சேவைக் கண்டு ஊறியதன்று. அப்பா வந்துவிட்டார் என்பதற்கு ஊறியது.

ஆகவே பண்டத்தை விட்டுவிட்டு ஓசைகளைத் தேடினோம். இரண்டு வாரம் ஆளுக்கொரு சிறு நோட்டு. தின்ற பொருளை மட்டுமல்ல, ஆசை எழுந்த நேரம், இடம், அதற்கு முன் நடந்தது ஆகியவற்றையும் குறித்தோம். வெட்கத்தைத் தள்ளிவைத்து ஒருவர் நோட்டை மற்றவர் படித்தோம். மூத்தவளுக்கு ஆசை வருவது மாலை ஐந்தரைக்கு, அலுவலகம் விட்டுப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கையில். மதியம் அவள் சாப்பிட்டது நான்கு வாய் தயிர்ச்சோறு என்பதும் அதே நோட்டில் இருந்தது. நடுவில் பிறந்தவனுக்கு இரவு பதினொன்றரை. வெளிநாட்டு வாடிக்கையாளருடன் பேசி முடித்த பிறகு, வீடே உறங்கும்போது. அது பசியன்று, தனிமை. இளையவளுக்கு நேரமே இல்லை. பிள்ளைகளின் தட்டில் மிஞ்சியதெல்லாம் அவள் கணக்கு. "வீணாக்கக் கூடாது" என்ற அம்மாவின் குரலே அவளுக்கு ஓசை.

மூன்று நோய்க்கு ஒரே மருந்து உதவாது என்பது அப்போது விளங்கியது. மூத்தவள் மதியச் சோற்றைக் குறைத்துப் பயறும் முட்டையும் கீரையும் கூட்டினாள். ஐந்து மணிக்கே கையோடு கொண்டுபோன கொண்டைக்கடலைச் சுண்டலை உண்டாள். ஐந்தரை மணி ஆசை அடியோடு போகவில்லை; ஆனால் கெஞ்சும் குரலில் பேசத் தொடங்கியது. நடுவில் பிறந்தவன் கைபேசியிலிருந்து உணவுச் செயலிகளை நீக்கினான். பதினொன்றரைக்கு அக்காவுக்கோ தங்கைக்கோ இரண்டு வரி எழுதுவது என்று வைத்துக்கொண்டான். பத்து நிமிடம் பேசினால் அலை தானே தணிந்தது. இளையவள் பிள்ளைகளுக்கு முதலில் பாதி அளவே பரிமாறினாள். மிஞ்சுவதே நின்றது.

மூவருக்கும் பொதுவாக மூன்று விதிகள். வீட்டில் இருப்பு வைப்பதில்லை. உறையிலிருந்து நேராக உண்பதில்லை. எதுவானாலும் தட்டில் கொட்டி, உட்கார்ந்து, வேறெதுவும் பாராமல் உண்பது. ஒருநாள் தவறினால் அன்றே மற்ற இருவருக்கும் சொல்லிவிடுவது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் ஒரு பழக்கம் தானாக நிகழச் சராசரியாக 66 நாள் ஆவதாகக் கண்டார்கள். ஆளைப் பொறுத்து 18 நாள் முதல் 254 நாள் வரை. நடுவில் ஒருநாள் தவறினால் பெரிய பின்னடைவு இல்லை என்பதும் அவர்கள் கண்டதே. பாதுஷாவுக்கு முன்னரே இதைப் படித்திருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்!

ஏமாந்ததும் உண்டு. சிறுதானியம் என்று உறையில் பெரிய எழுத்தில் அச்சிட்ட பிஸ்கட்டை மாதக்கணக்கில் மனநிறைவோடு தின்றோம். பொருட்பட்டியலை எடையின் இறங்குவரிசையில் எழுத வேண்டும் என்பது சட்டம். ஒருநாள் கண்ணாடி போட்டுக்கொண்டு பின்பக்கம் பார்த்தால், முதலில் மைதா, அடுத்துச் சர்க்கரை, பிறகு பாமாயில். தினையும் கம்பும் கடைசி வரியில் ஒண்டியிருந்தன. அன்றிலிருந்து உறையைப் பின்பக்கமிருந்தே வாசிக்கிறோம்.

இரண்டு ஆண்டுகள் கழிந்து 2025-இல் வந்த எண்களையும் சொல்லிவிடுகிறோம். மாத்திரையின் துணையோடு மூத்தவளுக்கு 6.1. நடுவில் பிறந்தவனுக்கு 5.7. இளையவளுக்கு அதே 5.9; எள்ளளவும் அசையவில்லை. "உன் உடம்பில் அப்பாவின் பங்கு அதிகம் போலிருக்கிறது" என்றோம். ஏறாமல் நிற்பதும் நன்மையே என்று மருத்துவர் சொன்னார். அவள் அதை நம்பினாளா என்று தெரியவில்லை. ஆனால் நோட்டை நிறுத்தவில்லை.

சென்ற திதிக்கு மூவரும் சாத்தூரில் கூடினோம். படையலில் அப்பாவுக்குப் பிடித்ததை வைக்க வேண்டுமல்லவா? யார் வாங்குவது என்ற பேச்சில் ஒரு சங்கடமான மௌனம். இளையவள்தான் எழுந்து போனாள். கடைக்காரர் பிளாஸ்டிக் பையில் கட்ட, அவள் வீட்டில் வந்து அதை வாழையிலையில் பொதிந்து நாரால் கட்டி இலையின் வலப்பக்கம் வைத்தாள். யாரும் ஒன்றும் பேசவில்லை. கற்பூரம் அணைந்ததும் அவளே பிரித்து, ஆளுக்கு ஒரு பிடி தட்டில் வைத்தாள். உட்கார்ந்து மெதுவாக உண்டோம். காரம், பூண்டு மணம், நொறுங்கும் ஓசை… அத்தனை ஆண்டுகள் தின்றும் இவ்வளவு ருசியை நாங்கள் அறிந்ததில்லை. மீதியைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம்.

"கொடுத்திருக்கலாம்" என்றாள் மூத்தவள், தட்டைப் பார்த்தபடி. பதினான்கு ஆண்டுகளில் அவள் அப்படிச் சொன்னது அதுவே முதல்முறை. இளையவள் அறையை விட்டு வெளியேறவில்லை.

திரும்பும்போது பேருந்து நிலையத்தில் வழக்கம்போல இரண்டு கூடைகளும் வந்தன. வெள்ளரிக்காரம்மாவிடம் இருபது ரூபாய்க்கு வாங்கினோம். கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொடுத்தார். உப்பை மட்டும் கொஞ்சம் தட்டிவிட்டுத் தின்றோம்.