எழுபது வளைவும் ஒரு டெம்போவும்

தம்மம்பட்டிக்காரனுக்கு மலை என்பது பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. மேற்கே கொல்லிமலை, கிழக்குப் பக்கம் பச்சைமலை. தினமும் முகத்தில் முழிக்கிறோம். ஆனால் வீட்டுக்குள் போய் ஒரு வாய் காபி சாப்பிட்டதில்லை. அப்படியே கொல்லிமலைக்குப் போனாலும் பஸ்ஸில்தான். பத்தாவது வளைவு வரைக்கும் நாம் எண்ணுவோம். அதுக்கப்புறம் வயிறு எண்ண ஆரம்பித்துவிடும்!

அந்த மலைக்குச் சைக்கிளில் போவது என்று மூன்று பேர் முடிவு செய்திருக்கிறோம். ரிடையரான வாத்தியார் நான், மரச்சிற்பம் செதுக்கும் என் நண்பர், அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை மகன். போகப்போவது பொங்கல் கழித்து. பேச ஆரம்பித்தது ஆடியில். “நம்ம பொண்ணு கல்யாணத்துக்கே இவ்வளவு நாள் பேசலீங்க” என்கிறாள் என் மனைவி.

ஏன் பொங்கல் கழித்து? ஐப்பசி, கார்த்திகையில் மழை. மலை ரோடு வழுக்கும். சித்திரையில் சேலம் ஜில்லா வெயிலைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். ஆடிப் பதினெட்டுக்குப் போனால் மேலே சைக்கிளை நிறுத்தக்கூட இடம் கிடைக்காது. பொங்கலை ஒட்டிப் போகலாமென்றால் எங்கள் ஊர் ஜல்லிக்கட்டு குறுக்கே நிற்கிறது. மாடு முடிந்துதான் மலை!

இந்த ஆசையைக் கிளப்பிவிட்டவன் மருமகன்தான். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் கேன்யன்லாண்ட்ஸ் என்று ஒரு தேசியப் பூங்கா. 1964-ல் ஏற்பட்டது. பூங்கா என்றதும் ஊஞ்சல், சறுக்கு மரம் என்று நினைத்துவிடாதீர்கள். அத்தனையும் பாலைவனம், செம்பாறை, அதல பாதாளம். அதில் ‘ஒயிட் ரிம்’ என்று சுமார் 160 கிலோமீட்டருக்கு மண் பாதை. 1950-களில் யுரேனியம் தேடப் போட்ட பாதை. இப்போது சைக்கிள்காரர்கள் கால்வலி தேடிப் போகிறார்கள். மருமகன் அதை மூன்று நாளில் சுற்றி வந்தவன்.

“அங்க என்னடா விசேஷம்?” என்று போனில் கேட்டேன்.

“வழியில குடிக்கத் தண்ணி கிடையாது மாமா.”

“அதுக்கு ஏண்டா அவ்வளவு தூரம்? எங்க தெருக் குழாயைப் பாத்தாப் போதாதா?”

சிரித்துவிட்டு விவரம் சொன்னான். முன்கூட்டியே பர்மிட் வாங்கணும். ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் தண்ணீர் எடுத்துப் போகணும். போட்ட குப்பையை நாமே திரும்பக் கொண்டு வரணும். பாதையை விட்டுச் சக்கரம் இறங்கவே கூடாது. அந்தப் பாலைவன மண்ணின் மேல்தோலுக்கு உயிர் இருக்கிறதாம். நுண்ணுயிரும் பாசியும் சேர்ந்து மண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஒரு தடவை டயர் ஏறினால் ஆற வருஷக்கணக்காகும்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு எங்கள் திட்டத்தைப் போட்டோம். முதல் சண்டை பாதைக்கு. முள்ளுக்குறிச்சி வழியாகப் போனால் எங்களுக்குப் பக்கம். ராசிபுரம், சேந்தமங்கலம் சுற்றிக் காரவள்ளி வழியாகப் போனால் அதுதான் எழுபது கொண்டை ஊசி வளைவு. “பக்கமாப் போறதுக்கு எதுக்கு சைக்கிளு? எழுபதுன்னு சொன்னாத்தானே ஊர்ல ஒரு மரியாதை!” என்றார் சிற்பி. எழுபது ஜெயித்தது.

முதல் நாள் சேந்தமங்கலத்தில் தங்கல். மறுநாள் விடியலில் காரவள்ளியில் மிதிக்க ஆரம்பித்து, வெயில் ஏறுவதற்குள் சோளக்காடு. அன்றைக்கு அதோடு சரி. ஆகாயகங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேலே படி. அது அடுத்த நாள், கால் நம்மிடமே இருந்தால். ரோட்டை விட்டுக் காட்டுக்குள்ளோ, யாருடைய சாமை வயலுக்குள்ளோ சைக்கிளை விடுவதில்லை. வாழைப்பழத்தைக் கேரியரில் கட்டுவதில்லை. குரங்குகள் நம்மைவிட நன்றாகத் திட்டம் போடும்.

இரண்டாவது சண்டைதான் பெரிசு. சிற்பியின் சைக்கிள் அவர் அப்பா வாங்கியது. ராடு பிரேக். முன்னாடி செயின் வீலில் 44 பல், பின்னாடி ஃப்ரீவீலில் 18. பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று. மருமகன் கொண்டு வரும் மலை சைக்கிளில் 32-க்கு 36. சக்கரம் ஒரு சுற்றுகூட முழுசா வராது. அதனால்தான் ஏற முடிகிறது.

“ஏத்தத்துல தள்ளிக்கிட்டு வர்றேன் வாத்தியாரே. எறக்கத்துல மிதிக்கவே வேண்டாம், அதுவாப் போகும்” என்றார் சிற்பி.

அதுவாகப் போகும் என்பதுதானே பயம்! கணக்கு வாத்தியார் சும்மா இருப்பானா? அவரும் சைக்கிளுமாகத் தொண்ணூறு கிலோ. இறக்கம் சுமார் ஆயிரம் மீட்டர். ஒன்பது லட்சம் ஜூல். அதாவது மூன்று லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு. நம்ம டீக்கடை கிளாஸில் முப்பது டீ! இதில் காற்று கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மிச்சம் முழுவதும் விரல் அகல ரப்பர் கட்டைகள் தலையில்.

அவர் மசியவில்லை. அப்போது அவர் சம்சாரம் உள்ளிருந்து வந்தார். “ஏனுங்க, பங்குனித் திருவிழாவுக்கு யாளி வாகனம் தர்றேன்னு அட்வான்ஸ் வாங்கியிருக்குதுங்க இவரு. முட்டி ஒடஞ்சா உக்காந்து செதுக்கலாம். மணிக்கட்டு ஒடஞ்சா..?”

முடிக்கவில்லை. பட்டறையில் வாகை மரத்துண்டில் யாளிக்கு ஒரு கண் திறந்திருந்தது, இன்னொன்று திறக்கவில்லை. உளி பிடிக்கிற கை அது. இன்ஷூரன்ஸ் கிடையாது, ஸ்பேர் பார்ட்டும் கிடையாது.

கொல்லிப்பாவை கதை உங்களுக்குத் தெரியும். முறைத்துக் கொல்ல மாட்டாள். சிரித்து மயக்கித்தான் கொல்லுவாளாம். மலை ரோடும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏத்தம் முறைக்கும். மூச்சு வாங்கி நாமே நின்றுவிடுவோம். இறக்கம்தான் சிரிக்கும்.

கடைசியில் வழக்கைத் தீர்த்தவன் மருமகன். “மாமா, ஒயிட் ரிம்ல நிறையப் பேர் பின்னாலேயே ஒரு வண்டி வெச்சுக்கிட்டுத்தான் போறாங்க. தண்ணி, சாமான், முடியாத ஆளு எல்லாம் அதுல. யாரும் அதைக் கேவலமா நினைக்கறதில்ல.”

சிற்பி நிமிர்ந்தார். “அமெரிக்காக்காரனே வண்டி வெச்சுக்கறானா? அப்ப நாமளும் வெச்சுக்கலாம்!”

முடிவு: ஏறுவது மூன்று பேரும். இறங்குவது, டிஸ்க் பிரேக் உள்ள மருமகன் மட்டும், அதுவும் பத்து வளைவுக்கு ஒரு தரம் நின்று. நானும் சிற்பியும் எங்கள் சைக்கிள்களோடு பலாப்பழ டெம்போவில்.

டெம்போக்காரரிடம் போய்ப் பேசினோம். பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“மேல ஏர்றதுக்கு நீங்க மிதிப்பீங்க. எறங்கறதுக்கு நான் வரணும். எல்லாரும் தலைகீழாத்தானுங்களே கேப்பாங்க?”