சேம்பரில் ஒன்று

தீபாவளி நெருங்கினால் விருதுநகர் பஜாரில் கேப் துப்பாக்கி தொங்கத் தொடங்கிவிடும். ரோல் கேப் சிவகாசிச் சரக்கு: சிவப்புக் காகிதச் சுருள், வரிசையாகக் கறுத்த பொட்டுகள். விசையை இழுத்தால் உள்ளே ஒரு பல் சுருளை ஒரு பொட்டு மேலே தள்ளும், சுத்தி விழும். பொட்டில் இருப்பது பொட்டாசியம் குளோரேட்டும் சிவப்பு பாஸ்பரஸும். உரசினாலே போதும். கால்சட்டைப் பையில் உதிரியாகப் போட்டுக்கொண்டு ஓடிய பையன்கள் தொடையைச் சுட்டுக்கொண்டதுண்டு.

இந்தச் சுருள் பொம்மைக்காகப் பிறந்ததல்ல. 1845இல் மேனார்டு என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் நிஜத் துப்பாக்கிக்குச் செய்தது.

சித்தப்பா ஆயுதப்படையில் ஆயுதக் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர். ஒரு தீபாவளிக்கு என் துப்பாக்கியை வாங்கி, சுருளைப் பிய்த்து எடுத்துவிட்டு, தரையைப் பார்த்து விசையை இழுத்தார். டப்!

"சுருளை எடுத்தாச்சுன்னா காலின்னு யாருடா சொன்னா?"

மணியாச்சி வழியாக ரயிலில் போகும்போதெல்லாம் அந்தக் கேள்வி வரும். 1911 ஜூன் 17 அன்று வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது அங்கேதான். கையில் இருந்தது பிரௌனிங் பிஸ்டல். அதற்கு முந்தைய ஆண்டுவரை சிவகாசியும் ஆஷின் திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருந்தது. தீப்பெட்டித் தொழில் வர இன்னும் பத்து வருஷத்துக்கு மேல் கிடந்தது. அந்தத் தொழிலைக் கற்றுவர அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போனது 1922இல்.

பெல்ஜியத்தில் எஃப்.என். ஆலை செய்த பிரௌனிங் 1900 மாதிரியைப் பற்றிச் சித்தப்பா சொல்லக் கேட்க வேண்டும். குழலுக்கு மேலே ஒரே சுருள்வில். குண்டு போனதும் பின்னால் வரும் ஸ்லைடைத் திரும்ப முன்னே தள்ளுவதும் அதுதான். ஊசியைத் தோட்டாவின் பின்புறம் அடிக்க வைப்பதும் அதுதான். கெட்டிக்கார வேலை. ஆனால் நூறு வருஷத்தில் வில் தளர்ந்தால் இரண்டு வேலையும் ஒருசேரக் கெடும்: ஸ்லைடு பின்னால் மூர்க்கமாக மோதும், ஊசி சில சமயம் வெடிக்க வைக்கும், சில சமயம் வைக்காது. வெடிக்காத தோட்டா உள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

தோட்டாக்கள் அடுக்கிய மேகசீனை உருவினாலும் சேம்பரில், அதாவது குழலின் பின்முனை அறையில், ஏறிய தோட்டா அப்படியே நிற்கும். மேகசீன் இல்லாவிட்டால் சுடாதபடி தடுக்கும் பூட்டு அந்தக் காலப் பிஸ்டல்கள் பலவற்றில் கிடையாது. கேப் துப்பாக்கியில் சுத்திக்கடியில் நின்ற பொட்டுதான் இங்கே தோட்டா.

பட்டாசு ஆலைகளிலும் ஆபத்து மூட்டையில் மட்டுமல்ல; தரையில் சிந்திய மிச்சமும் உரசலில் வெடிக்கலாம்.

தாத்தா காலத்துப் பிஸ்டல் லைசென்சோடு வீட்டில் இருந்தால், குழல் வாயை ஆளில்லாத பக்கம் திருப்பி, முதலில் மேகசீனை உருவுங்கள். அப்புறம் ஸ்லைடை இழுத்து, சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். லைசென்ஸ் பெற்ற ஆயுதப் பழுதுபார்ப்பவர் வில்லைப் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை சுட வேண்டாம்.