ஈரத்தைக் காணும் கண்

ரொறன்ரோவில் ஒக்டோபர் பிறந்ததும் பெரும்பாலான சைக்கிள்கள் கராஜுக்குள்ளும் மாடிக் கட்டடங்களின் நிலவறைகளுக்குள்ளும் போய் முடங்கிவிடும். திரும்ப வெளியே வர ஏப்ரல் ஆகும். அதே ஒக்டோபரில்தான் இன்னொரு கூட்டம் கடைக்கு வரத் தொடங்கும். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் மாணவர்கள், விடியுமுன் வேலைக்குக் கிளம்பும் தொழிற்சாலைக்காரர்கள், கார் வாங்க வழியில்லாதவர்கள், வழியிருந்தும் கார் வேண்டாம் என்றவர்கள். "வின்ரர் முழுக்க ஓட வேணும், தயார்ப்படுத்தித் தாங்கோ" என்பார்கள். ஸ்காபரோவில் சைக்கிள் திருத்தும் ஒரு சின்னக் கடையில் நான் வேலை பழகுவது பெரும்பாலும் இவர்களுடைய சைக்கிள்களில்தான்.

எனக்கு வேலை பழக்குகிறவர் யாழ்ப்பாணத்தில் லுமாலா சைக்கிள்களைக் கழற்றிப் பூட்டிக் கை பழகியவர். கடைக்கு வருகிற எல்லோருக்கும் அவர் அண்ணை, எனக்கும் அப்படியே. அவர் தந்த முதல் பாடம் இது: "தங்கச்சி, குளிர் சைக்கிளைப் பெரிசா ஒண்டும் செய்யாது. தண்ணிதான் செய்யும். ஈரம் எதுக்குள்ள பூருது எண்டு பார், மிச்சம் தன்பாட்டில விளங்கும்."

கேபிளில் தொடங்கினோம். பூச்சியத்துக்குக் கீழே வெளியில் நின்ற சைக்கிளைச் சூடான வீட்டுக்குள் கொண்டுவந்தால், குளிர்ந்த இரும்பில் வீட்டுக் காற்றின் ஈரம் படிந்து துளிர்க்கும். அந்தத் துளி கேபிளின் உறைக்குள் இறங்கும். காலையில் மறுபடி வெளியே எடுத்ததும் உறைந்து கேபிளை இறுக்கிக்கொள்ளும். கியர் மாறாது, பிரேக் பிடித்தால் விடாது. ஆகவே கூரையுள்ள ஓர் இடத்தில் சைக்கிளைக் குளிரிலேயே விடுவது நல்லது. உள்ளே கொண்டுவருவதென்றால் நன்றாகக் காயும்வரை உள்ளேயே வைத்திருக்க வேண்டும். கேபிளை உருவி விரலிடையில் மெதுவாக இழுத்துப் பார்க்கப் பழகினேன். ஓரிடத்தில் சொரசொரத்தாலும் அது துருவின் தொடக்கம். உறையோடு சேர்த்து மாற்றிவிடுவோம்.

அடுத்தது பின் சில்லின் நடுப்பகுதி. மிதிக்கும்போது சில்லைப் பிடித்துச் சுற்றுவது உள்ளே இருக்கும் சின்னக் கொக்கிகள். மிதிக்காமல் உருட்டும்போது டிக் டிக் என்று கேட்பது அவை துள்ளும் சத்தம். கோடைக்கு இட்ட தடித்த கிறீஸ், மார்கழி விடியலில் தேங்காய் எண்ணெய் உறைவதுபோல் கடும் குளிரில் இறுகும். கொக்கி எழும்பாது. மிதி சும்மா சுற்றும், சைக்கிள் நகராது. பழைய கிறீஸைத் துடைத்து மெல்லிய எண்ணெய் இட்டுப் பூட்டியபின், அண்ணை சில்லைச் சுழற்றிவிட்டு என்னைக் கேட்கச் சொல்வார். எல்லாக் கொக்கியும் ஒன்றாக விழுந்தால் சத்தம் கூர்மையாக இருக்கும்; ஒன்று பிந்தினாலும் மழுங்கும். காதுக்கு இப்படி ஒரு வேலை இருக்கிறது என்பதை நான் இந்தக் கடையில்தான் அறிந்தேன்.

இந்த நகரத்தின் உண்மையான தொல்லை உப்பு. வீதிப் பனியை உருக்க உப்புப் போடுகிறார்கள். உப்புக் கரைந்த தண்ணீர் பூச்சியத்தில் உறையாது. அதனால் குளிர் நாளிலும் வீதி நனைந்தே கிடக்கும், அந்த நீர் செயினில் தெறித்துக்கொண்டே இருக்கும். சாதாரணத் தண்ணீரைவிட உப்புத் தண்ணீரில் இரும்பு விரைவாகத் துருப்பிடிக்கும். அலுமினியமும் இரும்பும் ஒட்டி நிற்கும் இடம் இன்னும் மோசம். இரும்புச் சட்டகத்துக்குள் இறங்கும் அலுமினிய இருக்கைத் தண்டு கிறீஸ் இல்லாமல் ஒரு வின்ரரைக் கழித்தால், பிறகு எந்தப் பலத்துக்கும் அசையாமல் போகலாம். அதைக் கழற்றி, துடைத்து, கிறீஸ் பூசி மறுபடி இறக்குவது சில நிமிட வேலை. குளிர்காலத் திருத்தத்தில் செலவே இல்லாமல் மிகப் பெரிய நன்மை தருவது அதுதான் என்பது என் கணிப்பு.

செயினின் தேய்மானத்தை அண்ணை அடிமட்டத்தால் அளக்கப் பழக்கினார். புதுச் செயினில் ஊசிக்கு ஊசி பன்னிரண்டு முழு இணைப்புகள் சரியாக 12 அங்குலம். 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்ற வேண்டும். 1/8 அங்குலம் கூடும்வரை ஓட்டினால் பின் பல்லுச் சில்லும் சேர்ந்து தேய்ந்திருக்கும். வின்ரரில் ஓடும் செயினை அடிக்கடி அளக்க வேண்டும். ஓடி முடித்ததும் துணியால் துடைத்து, ஈரத்துக்கு நின்றுபிடிக்கும் எண்ணெயை ஊசிகளில் துளித்துளியாக விட்டு, மேலே மிஞ்சியதைத் துடைத்துவிட வேண்டும். மேலே நிற்கும் எண்ணெயால் பயனில்லை, மணலைத்தான் ஒட்டவைக்கும். கழுவுவதென்றால் வாளியில் இளஞ்சூட்டுத் தண்ணீர் போதும். கார் கழுவும் அழுத்தக் குழாயைக் கொண்டு அடித்தால் உப்புத் தண்ணீர் பெயாரிங்குக்குள்ளேயே போய்விடும்.

ரயர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், உயிர் நிற்பது அதில்தான். இங்கே குளிர்காலம் பூச்சியத்தைச் சுற்றியே ஏறி இறங்கும். பகலில் உருகியது இரவில் கண்ணாடியாக உறையும். ஆழ்ந்த குளிரின் பனிக்கட்டியைவிட, உருகும் நிலைக்கு அருகில் மேலே நீர் படர்ந்து நிற்கும் பனிக்கட்டி அதிகம் வழுக்கும். அங்கேயும் ஈரம்தான். இதற்கென்றே ஆணி பதித்த ரயர்கள் உண்டு. ஆணியின் முனை டங்ஸ்டன் கார்பைட். தார் வீதியில் ஓடினாலும் எளிதில் தேயாது. சுவால்பே நிறுவனத்தின் மராத்தன் வின்ரர் வரிசை ரயர்களின் 28 அங்குல அளவுகளில் இருநூறோ அதற்கு மேலோ ஆணிகள் இருக்கும். புது ரயரைப் பூட்டியதும் முதல் 40 கிலோமீற்றர் அளவுக்குத் திடீர்ப் பிரேக்கும் திடீர் வேகமும் இல்லாமல் ஓட்ட வேண்டும். ஆணிகள் றப்பரில் நன்றாக அமர்வது அப்போதுதான்.

பணம் ஒரு ரயருக்குத்தான் இருக்கிறது என்று யாராவது சொன்னால் அண்ணை யோசிக்காமல் முன் சில்லைக் காட்டுவார். பின் சில்லு வழுக்கினால் உடம்பை அசைத்துச் சமாளிக்கலாம். முன் சில்லு வழுக்கினால் சமாளிக்க நேரமே இருக்காது. ஆணி ரயர் இருந்தாலும் வளைவுக்குள் பிரேக் பிடிக்கக் கூடாது. நேராக வரும்போதே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். ஸ்றீற்கார் தண்டவாளத்தைக் குறுக்காக, செங்கோணத்தில் கடக்க வேண்டும். காற்றழுத்தமும் குளிரில் மாறும். 20 பாகையில் 60 பீஎஸ்ஐ அடித்த ரயர், மைனஸ் 10 பாகையில் ஏறத்தாழ 52க்கு இறங்கிவிடும். பனிக்கு அது நல்லதே, பிடிமானம் கூடும். அதற்கும் கீழே போகிறதா என்று வெளியே வைத்துத்தான் அளக்க வேண்டும்.

உடம்புக்கும் அதே பாடத்தையே அண்ணை சொன்னார். "வேர்வையும் தண்ணிதானே?" என்றார். வீட்டு வாசலில் கதகதப்பாக இருந்தால் உடுப்பு அதிகம்; முதல் பத்து நிமிடம் சற்றுக் குளிர வேண்டும். தோலை ஒட்டி மெரினோ கம்பளியோ பொலியெஸ்டரோ, மேலே காற்றை மறிக்கும் மெல்லிய ஜாக்கெற். பருத்தி வேர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். சிவப்பு விளக்கில் நிற்கும்போது அதுவே உடம்பைக் குளிரவைக்கும். மைனஸ் 10 பாகையில் மணிக்கு 20 கிலோமீற்றர் காற்று முகத்தில் அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 18 போல உறைக்கும். காற்றே இல்லாத நாளிலும் நாம் ஓடும் வேகமே அந்தக் காற்று. காற்றோடு சேர்த்துத் தோல் உணரும் குளிர் மைனஸ் 28க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையக்கூடும். அப்படியான நாளில் பஸ்ஸில் போகச் சொல்லித்தான் நாங்கள் எல்லோரையும் அனுப்புகிறோம். விரல்கள் ஒன்றையொன்று சூடேற்ற இரண்டிரண்டாகப் பிரியும் கையுறை, தடித்த காலுறைக்கு இடம்விடும் ஓரளவு பெரிய சப்பாத்து, ஹெல்மெற்றுக்குள் அடங்கும் மெல்லிய தொப்பி. மிச்சம் அவரவர் உடம்பைப் பொறுத்தது.

விளக்கைப் பலர் கடைசியில்தான் நினைக்கிறார்கள். டிசம்பரில் இங்கே மாலை 4.40 மணியளவில் சூரியன் மறைந்துவிடும். மறைவதற்கு அரை மணி முன்பிருந்தே முன்னால் வெள்ளை அல்லது அம்பர் நிற விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கோ பிரதிபலிப்பானோ இருக்க வேண்டும் என்பது ஒன்ராறியோவின் சட்டம். லித்தியம் பற்றரி குளிரில் விரைவில் இறங்கும். அதை வீட்டுக்குள் கொண்டுவந்து, அறைச் சூட்டுக்கு வந்தபின் சார்ஜ் ஏற்றுங்கள். உறைநிலையில் ஏற்றினால் பற்றரி நிரந்தரமாகப் பழுதாகும்.

படிக்க வந்து பழைய சைக்கிள் ஒன்றில் சாப்பாடு கொண்டுபோகும் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். முதல் பனி விழுந்தபிறகு வந்தால் ஆணி ரயரில் உங்கள் அளவு தீர்ந்திருக்கலாம். ஒக்டோபரிலேயே வாருங்கள். ரயரின் பக்கத்தில் 700x38 என்பதுபோல் எழுதியிருக்கும் இலக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். கையில் காசு குறைவென்றால் முன் சில்லுக்கு மட்டும் ஒன்று வாங்குங்கள்.